யாரும் கேட்காமல் பிறந்த விஸ்கி

2004 ஆகஸ்ட் 24. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ‘கஃபே இந்தியா’ என்ற உணவகத்தில் ஒரு புது விஸ்கி வெளியானது. பெயர் அம்ருத். வடித்த ஊர் பெங்களூர். முளைகட்டிய பார்லியைத் தவிர வேறு தானியம் சேராமல், ஒரே டிஸ்டில்லரியில், செம்புக் கொப்பரையில் இறக்கி, ஓக் மரப் பீப்பாயில் ஊறவைத்த ‘சிங்கிள் மால்ட்’. கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போன கதைதான். இந்தியாவில் விஸ்கி என்ற பெயரில் விற்பதில் பெரும்பகுதி சர்க்கரை ஆலை மொலாசஸில் இறக்கிய சாராயம் என்பது ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும்.

2009ல் அதே கம்பெனி ‘அம்ருத் ஃப்யூஷன்’ என்று இன்னொன்றைக் கொண்டுவந்தது. நம் நாட்டுப் பார்லியும், சதுப்பு நிலத்துப் பீட் மண்ணை எரித்த புகை காட்டிய ஸ்காட்லாந்துப் பார்லியும் சேர்ந்த கலவை. விஸ்கிகளுக்கு மதிப்பெண் போட்டு ஆண்டுதோறும் புத்தகம் வெளியிடும் ஜிம் முர்ரே, தன் 2010ஆம் ஆண்டுப் பதிப்பில் அதற்கு 100க்கு 97 கொடுத்து, உலகத்திலேயே மூன்றாவது சிறந்த விஸ்கி என்று எழுதினார். அந்த மால்ட் எப்படிப் பிறந்தது என்று சொல்ல வேண்டுமானால் பெங்களூரிலிருந்து ஆரம்பிக்க முடியாது. டப்ளினிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நடுவில் மெட்ராஸ் வரும், எங்கள் திருப்பூர் மாவட்டத்துக் கரும்பு ஆலையும் வரும்.

எனக்கு ஊர் மங்கலம். திருப்பூருக்கு மேற்கே, நொய்யல் ஓரம், விசைத்தறிச் சத்தம் ஓயாத இடம். இந்தப் பக்கம் பிழைக்கிற எல்லாருக்கும் ஒரு விஷயம் சொல்லாமலே தெரியும்: எந்தத் துணி ஓடும் என்பதை உடுத்துகிறவர் மட்டும் முடிவு செய்வதில்லை. 1978ல் வெரோனா என்ற இத்தாலிய வியாபாரி வந்து போன பிறகுதான், உள்நாட்டுக்கு வெள்ளை பனியன் போட்டுக்கொண்டிருந்த திருப்பூர் டி-ஷர்ட் பக்கம் திரும்பியது. 2005 ஜனவரி 1ல் ஏற்றுமதிக் கோட்டா முறை ஒழிந்தபோது ஆர்டரின் அளவும் வகையும் மாறின. நூல் விலை, சாயப்பட்டறைக்கு நீதிமன்றம் போட்ட தடை, டாலர் மதிப்பு எல்லாம் முடிவு செய்த பிறகு மிஞ்சுவதைத்தான் வெளிநாட்டுக் கடையில் ஒருவர் ‘எனக்குப் பிடித்தது’ என்று எடுத்துக்கொள்கிறார். விஸ்கியில் இது இன்னும் வெளிச்சமாகத் தெரிகிறது. இருநூறு வருடமாக அங்கே ருசியை நிர்ணயித்தவை வரியும், பூச்சியும், சட்டமும்தான்.

19ஆம் நூற்றாண்டில் நல்ல விஸ்கி என்றால் அயர்லாந்து விஸ்கி. டப்ளினில் ஜேம்சன், பவர், ரோ குடும்பங்களின் டிஸ்டில்லரிகள் கோட்டை மாதிரி நின்றன. அவர்களுடைய தனி ருசியே வரியில் பிறந்தது. 1785ல் முளைகட்டிய பார்லிக்கு அரசு வரி போட்டது. வரியைக் குறைக்க, முளைகட்டாத பச்சைப் பார்லியையும் சேர்த்து அரைத்தார்கள். அதனால் விஸ்கியில் ஒரு காரமும், நாக்கில் படிகிற எண்ணெய்ப் பதமும் வந்தன. வரி போன பிறகும் அந்தப் பதத்தை விட மனமில்லை. ‘பாட் ஸ்டில்’ என்று இன்றைக்குப் பெருமையாக விற்கும் ஐரிஷ் வகை இதுதான்.

அவர்களைச் சாய்த்த இயந்திரத்தைச் செய்தவரும் அயர்லாந்துக்காரர்தான். ஈனியஸ் காஃபி, கலால் துறையில் அதிகாரியாக இருந்தவர். 1830ல் ஒரு வடிகலனுக்குக் காப்புரிமை வாங்கினார். அதுவரை கொப்பரைதான். ஊறலை ஊற்றி, காய்ச்சி, இறக்கி, கொப்பரையைக் கழுவி, மறுபடி ஊற்ற வேண்டும். ஈடு ஈடாக நடக்கிற வேலை. தானியத்தின் வாசனையும் எண்ணெயும் ஆவியோடு கலந்து கூடவே வரும். காஃபியின் கலன் கோபுரம் மாதிரி உயரமானது. மேலிருந்து ஊறல் இறங்கிக்கொண்டே இருக்கும், கீழிருந்து நீராவி ஏறிக்கொண்டே இருக்கும், நிறுத்தவே வேண்டாம். வெளியே வருவது 90 சதவீதத்துக்கு மேல் சுத்தமான ஆல்கஹால். மக்காச்சோளம் போட்டாலும் சரி, கோதுமை போட்டாலும் சரி, வாசனை பெரிதாக மிஞ்சாது.

டப்ளினின் பெரிய குடும்பங்கள் இதைச் சாராயம் என்று ஒதுக்கின. 1870களின் இறுதியில் நான்கு கம்பெனிகள் சேர்ந்து இதற்கு எதிராகப் புத்தகமே போட்டன. ஸ்காட்லாந்துக்காரர்கள் ஒதுக்கவில்லை. காஃபி கலனில் இறக்கிய மலிவான தானிய விஸ்கியில், கொப்பரை மால்ட்டைக் கொஞ்சம் கலந்தார்கள். குடிக்க இலேசாக இருந்தது, விலையும் இறங்கியது, எந்த வருடம் வாங்கினாலும் ஒரே மாதிரி இருந்தது. ‘பிளெண்டட் ஸ்காட்ச்’ அப்படி வந்தது.

அது ஊரைப் பிடித்ததற்குக் காரணம் ஒரு பூச்சி. ஃபிலோக்ஸெரா என்னும் சின்னஞ்சிறு பேன், அமெரிக்கத் திராட்சைச் செடிகளோடு கப்பலேறி 1860களில் பிரான்சுக்கு வந்து, வேரை உறிஞ்சித் தோட்டம் தோட்டமாகக் காய வைத்தது. அதுவரை இங்கிலாந்தின் வசதிக்காரர்கள் குடித்தது பிராந்தியும் சோடாவும். திராட்சை போனது, பிராந்தி வரத்து சரிந்தது. அந்த இடத்தில் விஸ்கியும் சோடாவும் வந்து உட்கார்ந்தன. பிராந்தி பிடிக்காமல் போய் யாரும் விஸ்கிக்கு மாறவில்லை. கிடைக்காமல் மாறினார்கள். அடுத்த தலைமுறைக்கு அதுவே பரம்பரைப் பழக்கம்.

பிறகு வழக்கு வந்தது. கோபுரக் கலனில் இறக்கியதை விஸ்கி என்று விற்பது ஏமாற்று என்று லண்டனில் இஸ்லிங்டன் நகராட்சி 1905ல் கடைக்காரர்கள் மேல் வழக்குப் போட்டது. கீழ்க்கோர்ட்டில் நகராட்சி ஜெயித்தது. விவகாரம் பெரிதாகி, விஸ்கி என்றால் என்ன என்று தீர்மானிக்க அரசே ஒரு ராயல் கமிஷன் அமைத்தது. 1909ல் அது சொன்ன தீர்ப்பு: தானியத்திலிருந்து இறக்கியதென்றால் போதும், கொப்பரையா கோபுரமா என்பது பொருட்டில்லை. பிளெண்டட் ஸ்காட்ச்சுக்குக் கதவு முழுசாகத் திறந்தது. அதே காலத்தில் அயர்லாந்து அடுத்தடுத்து அடி வாங்கியது. விடுதலைப் போர், பிரிட்டிஷ் சந்தையோடு மோதல், 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு. உலகத்துக்கே விஸ்கி கொடுத்த அந்தத் தீவில் 1980களின் ஆரம்பத்தில் வேலை செய்த டிஸ்டில்லரிகள் இரண்டே இரண்டு.

கொப்பரை மால்ட் அழியவில்லை, பிளெண்டுக்குள் மறைந்து கிடந்தது. 1963ல் கிளென்ஃபிடிக் டிஸ்டில்லரி அதைத் தனியாகப் பாட்டிலில் அடைத்து ஸ்காட்லாந்துக்கு வெளியே விளம்பரம் செய்து விற்க ஆரம்பித்தது. அப்போது அது துணிச்சலான காரியம். 1970களில் அமெரிக்காவில் வோட்கா ஏறியது, விஸ்கி இறங்கியது. ஸ்காட்லாந்தில் சரக்கு தேங்கி, 1983ல் மட்டும் டிஸ்டில்லர்ஸ் கம்பெனி தன் டிஸ்டில்லரிகளில் 11ஐ மூடியது. அதில் ஒன்று ஐலா தீவின் போர்ட் எலன். வாங்க ஆளில்லாமல் மூடிய அந்த இடத்தின் பழைய சரக்கு பின்னால் ஏலத்தில் கொள்ளை விலைக்குப் போனது. 2024ல் அதைத் திரும்பவும் திறந்தார்கள். பீப்பாய்க்குள் இருந்தது அதே சாராயம்தான். 40 வருடத்தில் மாறியது வெளி உலகம்.

இனி நம் பக்கம். மெட்ராஸில் 1826ல் ஆங்கஸ் மெக்டோவல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு கம்பெனி தொடங்கினார். கோட்டையிலும் சுற்றியும் இருந்த வெள்ளைக்காரர்களுக்கு மதுவும் சுருட்டும் தருவித்துக் கொடுப்பது தொழில். அந்தக் கம்பெனியை 1951ல் விட்டல் மல்லையா வாங்கினார். சுதந்திர இந்தியாவில் வெளிநாட்டு மது இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இறுகியிருந்தது. ஸ்காட்ச் குடித்த பழக்கம் மட்டும் மிச்சம். அந்த இடத்தை நிரப்ப உள்ளூரிலேயே செய்தார்கள். முதலில் மெக்டோவல் பிராந்தி, 1968ல் மெக்டோவல் நம்பர் 1 விஸ்கி. மெட்ராஸ் கோட்டைக்குச் சரக்கு இறக்கிய பெயர், பின்னாளில் உலகத்திலேயே அதிகம் விற்கும் விஸ்கிப் பெயர்களில் ஒன்றானது.

அதில் என்ன இருந்தது? சோற்றுக்கே தானியம் கப்பலில் வந்த காலம் அது. பார்லியை முளைகட்டிச் சாராயம் காய்ச்சுவதை எந்த அரசும் விரும்பாது. ஆனால் மொலாசஸ் கொட்டிக் கிடந்தது. எங்கள் மாவட்டத்தில் மடத்துக்குளம் பக்கம் கிருஷ்ணாபுரத்தில் அமராவதி கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. ஆலையோடு ஒட்டி எரிசாராய ஆலையும் உண்டு. கரும்புச் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரையைப் பிரித்த பிறகு, இனிமேல் இதில் சர்க்கரை உறையாது என்று விடுகிற கறுத்த பாகுதான் மொலாசஸ். தாரைப் போலக் கெட்டியாக இழுபடும், புளித்த வெல்ல வாடை அடிக்கும். ஒரு டன் கரும்புக்கு ஏறக்குறைய 45 கிலோ மிஞ்சும். அதில் கிட்டத்தட்டப் பாதி இன்னும் சர்க்கரைச் சத்துதான். தண்ணீர் விட்டு ஈஸ்ட் போட்டால் ஓரிரு நாளில் நுரைத்துப் புளித்துவிடும். காஃபியின் கோபுரத்துக்குப் பேரன் முறையான கலன்களில் ஏற்றினால், 96 சதவீதத்தில் நிறமோ மணமோ ருசியோ இல்லாத ஆல்கஹால் இறங்கும். தொழிலில் இதற்கு இஎன்ஏ என்று பெயர்.

இதில் தண்ணீர் கலந்து, கருக்கிய சர்க்கரையால் நிறமேற்றி, வாசனையும் கொஞ்சம் மால்ட்டும் சேர்த்தால் விஸ்கி. வேறு வாசனை போட்டால் பிராந்தி, இன்னொன்று போட்டால் ரம். பாட்டில்களின் லேபிள்தான் வேறு வேறு, அடியில் இருப்பது அதே இஎன்ஏ. வட இந்தியா விஸ்கி குடிக்கிறது, தமிழ்நாடு பிராந்தி குடிக்கிறது என்று சொல்வார்கள். உண்மைதான். சளி பிடித்தால் ஒரு மூடி பிராந்தி கொடுப்பது இங்கே வீட்டு வைத்தியம் என்று இருந்தது, பிராந்தி உடம்புக்கு நல்லது என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. ஆனால் மலிவு விலைப் பாட்டிலைப் பொறுத்தவரை, அந்த இரண்டு ருசிகளும் ஒரே கரும்புக் காட்டிலிருந்து வருபவை.

நம் மாநிலத்தில் குடியின் வகையை அரசாணை மாற்றியது போல வேறெதுவும் மாற்றவில்லை. ராஜாஜி 1937ல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948ல் அது மாகாணம் முழுவதும் பரவியது. 1971ல் விலக்கி, மூன்றே வருடத்தில் திரும்பக் கொண்டுவந்தார்கள். 1981ல் மறுபடி கடை திறந்தது, 1983ல் டாஸ்மாக் பிறந்தது, 2003 முதல் சில்லறை விற்பனையும் அரசு கையில். இடையில் கொங்குநாட்டுத் தென்னையிலும் பனையிலும் இறங்கிய கள் சட்டவிரோதமாகி, அந்த இடத்தில் சனிக்கிழமை சம்பளத்தோடு வாங்குகிற 180 மில்லி குவார்ட்டர் வந்து உட்கார்ந்தது. கள்ளை விட்டு இதற்கு வரும்படி யாரையும் நாக்கு கூப்பிடவில்லை. பிராந்தியை விட்டு விஸ்கிக்கு மாறிய அன்றைய லண்டன்காரரின் கதைதான் இதுவும். ஆனால் இங்கே அதன் பாரம் வாரக் கூலியில் விழுகிறது. ஒரு வாரக் கூலியில் எவ்வளவு வீடு போய்ச் சேர்கிறது என்பதைப் பெண்கள்தான் எண்ணிப் பார்க்கிறார்கள். விஸ்கியின் பெருமையை எழுதும்போதும் எனக்கு அது மறக்கவில்லை.

இந்த மொலாசஸ் உலகத்துக்கு நடுவில்தான் பெங்களூரில் பார்லி மால்ட் வந்தது. அம்ருத் டிஸ்டில்லரீஸை 1948ல் ராதாகிருஷ்ண ஜக்தாலே தொடங்கினார். ரம்மும் பிராந்தியும் மலிவு விஸ்கியும்தான் நெடுங்காலம் தொழில். 1980களில் பஞ்சாப், ராஜஸ்தான், ஹரியானா பக்கத்துப் பார்லியை வாங்கி மால்ட் இறக்க ஆரம்பித்ததும் தனியாக விற்க அல்ல, தங்கள் பிளெண்டுகளில் சேர்க்க. ஆனால் சந்தை மலிவின் பக்கம் போனது. நிறைய மால்ட் சேர்த்த விஸ்கிக்கு விலை கொடுக்க ஆளில்லை. இறக்கிய மால்ட் பீப்பாய்களில் தேங்கியது. 1983ல் ஸ்காட்லாந்திலும், பெங்களூரிலும் நடந்தது ஒன்றே. சிங்கிள் மால்ட் என்னும் பண்டம் பல நேரம் பிளெண்டுக்கு மிஞ்சிய சரக்கிலிருந்து எழுந்து வந்திருக்கிறது.

தேங்கிக் கிடந்ததில் ஓர் ஆச்சரியம் இருந்தது. ஒன்றரை வருடமே ஆன மால்ட் பல வருடம் ஊறியது போல ருசித்ததைக் கம்பெனியின் கலவை நிபுணர் சுரிந்தர் குமார் கவனித்தார். பெங்களூரின் தட்பவெப்பம் செய்த வேலை அது. பீப்பாய் மரம் வெப்பத்தில் விரிந்து சாராயத்தை உள்ளே இழுக்கும், குளிரில் சுருங்கி வெளியே தள்ளும். மரத்தின் நிறமும் வெனிலா மணமும் அதோடு இறங்கும். ஸ்காட்லாந்தின் குளிரில் இது மெதுவாக நடக்கும், இங்கே விறுவிறுவென்று நடக்கும். பீப்பாயும் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். போர்பனைப் புதுப் பீப்பாயில்தான் ஊறவைக்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1930களிலிருந்து சட்டம் இருப்பதால், ஒருமுறை பயன்படுத்திய பீப்பாய்கள் உலகமெங்கும் மலிவாகக் கிடைக்கின்றன. அந்தச் சட்டம் இல்லாவிட்டால் ஸ்காட்ச்சின் ருசியும் அம்ருத்தின் ருசியும் வேறாக இருந்திருக்கும்.

வேகத்துக்கு விலையும் உண்டு. ஊறுகிற விஸ்கியில் கொஞ்சம் ஆவியாகிப் போகும், தேவதைகளின் பங்கு என்று தொழிலில் சொல்வார்கள். ஸ்காட்லாந்தில் அது வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம். பெங்களூரில் 10 முதல் 12 சதவீதம். 200 லிட்டர் பீப்பாயை எடுத்துக்கொண்டு 11 சதவீதம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாலு வருடத்தில் 125 லிட்டர் மிஞ்சும், எட்டு வருடத்தில் 80க்குக் கீழே இறங்கும், பன்னிரண்டு வருடத்தில் 50 லிட்டர்கூடத் தேறாது. ஸ்காட்லாந்தில் அதே பன்னிரண்டு வருடத்தில் 157 லிட்டர் இருக்கும். பாட்டிலில் பெரிய எழுத்தில் ‘12’ என்று போட்டு உலகத்துக்கு விஸ்கி விற்ற முறையே இங்கே செல்லாது. அம்ருத் பெரும்பாலும் வயது போடாமலேயே விற்றது. 2013ல் எட்டு வருடம் ஊறிய ஒன்றைச் சிறிய அளவில் வெளியிட்டபோது அதற்கு வைத்த பெயர் ‘கிரீடி ஏஞ்சல்ஸ்’, பேராசைக்கார தேவதைகள்.

விற்கும் யோசனை குடும்பத்திலிருந்து வந்தது. நிறுவனத்தை அப்போது நடத்திய நீலகண்ட ஜக்தாலே, நியூகாசிலில் எம்பிஏ படித்துக்கொண்டிருந்த மகன் ரக்‌ஷித்திடம், பிரிட்டனின் இந்திய உணவகங்களில் இந்த மால்ட் விற்குமா என்று ஆராயச் சொன்னார். பெயர் சொல்லாமல் ஊற்றிக் கொடுத்தபோது குடித்தவர்கள் நல்ல வயதான ஸ்காட்ச் என்றே நினைத்தார்கள். இந்தியா என்றதும் நம்பவில்லை. 2004ல் துணிந்து இறக்கினார்கள். ஆரம்ப வருடங்கள் கஷ்டமாகவே போயின. இந்திய உணவகங்களில் எதிர்பார்த்தபடி ஓடவில்லை, விஸ்கி ஆர்வலர்கள்தான் ஒவ்வொருவராகப் பிடித்துக்கொண்டார்கள். பிரிட்டனில் அம்ருத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கிய அசோக் சொக்கலிங்கம் பின்னால் அந்த டிஸ்டில்லரியின் தலைமை வடிப்பாளரே ஆனார். சொந்த ஊரான பெங்களூரில் அந்த மால்ட் விற்பனைக்கு வந்தது 2010ல்தான். தன் பொருள் தலைநிமிர்ந்ததைப் பார்த்துவிட்டு 2019ல் நீலகண்ட ஜக்தாலே காலமானார்.

அதற்குப் பிறகு வரிசையாக வந்தார்கள். கோவாவிலிருந்து 2012ல் பால் ஜான், உத்தரப் பிரதேசத்திலிருந்து 2016ல் ராம்பூர், ஹரியானாவிலிருந்து இந்த்ரி. 2023ல் இந்தியாவில் விற்ற சிங்கிள் மால்ட்டில் பாதிக்கு மேல் இந்திய மால்ட்தான் என்று மது உற்பத்தியாளர்களின் கூட்டமைப்பு கணக்குச் சொன்னது. மனமார மகிழ வேண்டிய சேதி. ஏனென்றால் இது இறக்குமதித் தடைக்குப் பின்னால் ஒளிந்து வளர்ந்ததில்லை, கிளாஸ்கோவில் போய் நின்று பெயர் வாங்கி வந்தது.

ஆனால் மொத்தக் குடியில் இது துளி. உலகத்தில் அதிக விஸ்கி குடிக்கும் நாடு இந்தியா, குடிப்பதில் பெரும்பகுதி இஎன்ஏ. ஐரோப்பாவில் தானியத்தில் வடிக்காததை விஸ்கி என்று விற்க முடியாது. நம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் மது விதிகள் 2019ல் நடைமுறைக்கு வந்தன. மால்ட் எது, சிங்கிள் மால்ட் எது என்று அதில் வரையறை வந்தது நல்ல காரியம். வெறும் ‘விஸ்கி’ என்பதற்கோ இஎன்ஏ போன்ற நியூட்ரல் ஸ்பிரிட்டையும் அனுமதித்தார்கள். இஸ்லிங்டன் நகராட்சி 1905ல் கேட்ட கேள்வி இங்கே இன்னும் கேட்கப்படவில்லை. சம்பளக் காசு கொடுத்து வாங்குகிறவனுக்கு, பாட்டிலுக்குள் இருப்பது கரும்பா, அரிசியா, மக்காச்சோளமா, பார்லியா என்று பெரிய எழுத்தில், தமிழில், சொல்ல வேண்டும். பனியனுக்குள் எத்தனை சதவீதம் பருத்தி என்று ஒவ்வொரு லேபிளிலும் அச்சடிக்கிறோம். வயிற்றுக்குள் போவதற்கு அது இல்லாமல் இருப்பது நியாயமில்லை.

வெளியிலிருந்து வரும் மாற்றங்கள் இப்போதும் நிற்கவில்லை. ஒரு பக்கம், 2025 ஜூலையில் கையெழுத்தான பிரிட்டனுடனான வர்த்தக ஒப்பந்தத்தில், ஸ்காட்ச்சுக்கு 150 சதவீதமாக இருந்த சுங்க வரி 75 ஆகவும், பத்து வருடத்தில் 40 ஆகவும் குறைய வழி செய்திருக்கிறார்கள். அமராவதிப் பாசனத்துக் கரும்பு போல நாடெங்கும் விளைகிற கரும்பின் மொலாசஸுக்கு இன்னொரு பக்கம் பெட்ரோல் போட்டிக்கு வந்துவிட்டது. வண்டிக்கு ஊற்றும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்க ஆரம்பித்த பிறகு, மதுக் கம்பெனிகள் உடைந்த அரிசியிலும் மக்காச்சோளத்திலும் இறக்கிய இஎன்ஏ பக்கம் திரும்பிக்கொண்டிருக்கின்றன. குவார்ட்டர் பாட்டிலில் பெயரும் நிறமும் அப்படியே இருக்க, உள்ளே இருக்கிற விஸ்கி கரும்பிலிருந்து தானியத்துக்கு மாறிக்கொண்டிருக்கிறது. இந்த முறை அதை முடிவு செய்தது பெட்ரோலியத் துறை.